பூ வைக்கக் குறித்த நாள்

எனக்கு அப்போது பத்து வயது. சித்தப்பாவுக்குப் பெண் பார்த்து நாளும் குறித்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பூ வைக்கிறது என்போம். மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டு வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்தக் காரியத்தைக் கெடுத்தது நான்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் ரொம்ப வருடம் அப்படித்தான் நம்பினேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. பதினைந்து வருடம் மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்தவர். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கத்தில் எங்கள் வீடு. எல்லாம் சின்னக் கம்பெனிகள். தகரக் கொட்டகை, ஒரு சூளை, முப்பது ஆள். அதில் ஒன்றில் அப்பா அச்சில் களிமண் கரைசல் ஊற்றுகிறவர். அம்மா அச்சிலிருந்து வந்த பொம்மைகளின் ஓரத்தைக் கத்தியால் சீவுகிறவள். சித்தப்பா வந்து ஒரு மாதத்திலேயே அங்கே சேர்ந்துவிட்டார். சூளைக்குள் சாமான் அடுக்குவது, எரிப்பது, ஆறினதும் வெளியே எடுப்பது. சூடு அவருக்கு உறைக்காது.

பேச்சுதான் இல்லை. தினமும் முகம் மழித்துக்கொள்வார். போர்வையை நாலாக மடித்து அதன் மேல் தலையணையை வைப்பார். மற்றபடி ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

“மிலிட்டரி, ஒரு சண்டக் கத சொல்லேன்” என்பார்கள் கம்பெனியில்.

“டீ ஆறுது” என்பார்.

தூரத்திலிருந்து யாராவது சத்தம் போட்டுக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். எங்கள் கொட்டகை நீளம். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கத்தித்தான் கூப்பிடுவோம். அவர் மட்டும் அப்படியே நிற்பார், முதுகைக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் போய்த் தோளைத் தொட வேண்டும். குண்டுச் சத்தத்தில் காது போய்விட்டது என்று ஊர் சொன்னது. நாங்களும் அதைத்தான் சொன்னோம்.

எந்த ஊரில் சண்டை போட்டார் என்று கேட்டால் காஷ்மீர் என்று சொல்ல வேண்டும். அது எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த பாடம். பனி, மலை, காஷ்மீர். அவ்வளவுதான்.

பெண் எங்கள் கம்பெனியில் வேலை செய்த அக்கா. இலங்கையில் சண்டைக்குத் தப்பிக் கப்பலேறி வந்த குடும்பங்களை அரசாங்கம் பல ஊர்களில் வைத்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கமும் ஒரு முகாம். கேம்ப்பு என்போம். அக்காவும் அவர் அம்மாவும் அங்கே இருந்தார்கள். வேறு யாரும் இல்லை. அக்காவுக்குப் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை. நாலு முடி வைத்த தூரிகையை மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பார். மற்றவர்கள் எழுதினால் பிள்ளையாருக்கு மாறுகண் வந்துவிடும். அக்கா எழுதினால் பிள்ளையார் நம்மைப் பார்ப்பார்.

ஸ்கூல் விட்டதும் நான் கம்பெனிக்குப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவார். ஆமாம் என்பதற்கு ஓம் என்பார். நானும் ஸ்கூலில் வாத்தியாருக்கு ஓம் சொல்லி அடி வாங்கினேன்.

சித்தப்பாதான் கண் எழுத வேண்டிய பொம்மைகளைப் பலகையில் வைத்துத் தூக்கி வருவார். அக்கா அவரைச் சும்மா விடமாட்டார்.

“மிலிட்டரிக்காரர், உங்கட படையில கதைச்சாச் சம்பளத்தில பிடிப்பினமோ?”

“ம்.”

“இந்தா, ஒண்டு கதைச்சிட்டீங்கள். பிடிச்சாச்சு.”

சித்தப்பா சிரிப்பார். சத்தம் வராது. தோள் மட்டும் ஆடும். அக்கா மெதுவாகத்தான் பேசுவார். அது மட்டும் அவருக்கு எப்படிக் கேட்கிறது என்று நான் யோசித்ததில்லை.

“பனியில நிண்ட மனுசன், பாவம். வாய் உறைஞ்சு போச்சு” என்பார் அக்கா என்னிடம். நான் ஓம் என்பேன்.

அதற்கு முன்னே சித்தப்பாவுக்குப் பார்த்த பெண்கள் எத்தனையோ. கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பெண், வேப்பூர்ப் பக்கம் இரண்டு. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மாவிடம் அவராகவே சொன்னார்.

“அண்ணி, கண்ணு எழுதுற பொண்ணு சம்மதிச்சா கேளுங்க. இல்லன்னா வேணாம்.”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “கேம்ப்புல போயிப் பொண்ணு எடுக்கறதா? நம்ம சனம் என்னா சொல்லும்?” என்று அப்பாவிடம் இரவெல்லாம் புலம்பினாள். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். “அவன் வாயத் தொறந்து கேட்டதே இது ஒண்ணுதான். நீ உன் வாய மூடு.”

அம்மா மூடவில்லை. ஆனால் போய்க் கேட்டாள். அக்காவின் அம்மா, “பிள்ளை ஓமெண்டா எனக்கும் ஓம்” என்றாராம். அக்கா ஓம் என்றாராம். நாள் குறித்தார்கள். இனி அக்காவைச் சித்தி என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா எனக்குச் சொன்னாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நாட்களில் சித்தப்பா இரண்டு முறை பலகையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றதைப் பார்த்தேன். எதையோ சொல்ல வந்தவர் மாதிரி. அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவர் பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வெட்கம் என்று நினைத்தேன்.

பூ வைக்கப் போகிற அன்றைக்குப் போட்டுக்கொள்ள நல்ல சட்டை இருக்கிறதா என்று பார்க்க, சித்தப்பா இல்லாத நேரத்தில் அம்மா அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தாள். அடியில் ஒரு காலுறை கனமாக இருந்தது. நான் கையை விட்டு எடுத்தேன். பதக்கம். வட்டமாக, வெள்ளி நிறத்தில், நாடாவோடு. ஒரு பக்கம் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றுகொண்டிருந்தான். மேலே இந்தி எழுத்து.

அப்பா அதைப் பிடுங்கி மறுபடி காலுறைக்குள் போட்டார். ஆனாலும் அவருக்குப் பெருமை அடங்கவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துச் சொன்னார்.

“உன் சித்தப்பன் சாமானியப்பட்ட ஆளு இல்ல பாப்பா. நம்ம ராணுவம் இலங்கைக்குப் போயிருந்தப்ப, குண்டு மழையா கொட்டுது, உள்ள பூந்து அடிபட்ட ரெண்டு பேர இழுத்தாந்தான். அதுக்குக் குடுத்தது இது. வெளிய யாருகிட்டயும் சொல்லாத.”

“ஏம்பா?”

“சொல்லாதன்னா சொல்லாத.”

ஏன் என்று இப்போது தெரியும். அந்தச் சண்டையிலிருந்து வந்தவர்களை எங்கள் பக்கத்தில் யாரும் மாலை போட்டு அழைக்கவில்லை. அங்கே இருந்தவர்களும் நம் சனம்தானே, அங்கே போய்ச் சுட்டுவிட்டு வந்தாயா என்று கேட்டார்கள். சித்தப்பா லீவில் வந்திறங்கிய அன்று ரயில்வே ஸ்டேஷனிலேயே ஒருவன் அவர் காலடியில் துப்பினானாம். அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் காஷ்மீர் வந்தது.

எனக்கு அப்போது விளங்கியது வேறு. வெளியே சொல்லக் கூடாது. சரி. அக்கா இனி வெளி ஆள் இல்லையே. நம் வீட்டுக்கு வரப்போகிறவர். அதுவும் அவர் ஊரில் வாங்கின பதக்கம். கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவார். நாலு நாள் இதையே யோசித்தேன்.

பீங்கான் கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணில் பட்ட எதையும் அச்சு எடுத்துவிடுவோம். சீப்பு, பொத்தான், சாமி டாலர், செத்த பல்லி. பொருளின் மேல் சோப்புத் தண்ணீர் தடவி, பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றினால் சற்று நேரத்தில் இறுகிவிடும். பொருளை எடுத்துவிட்டு அந்தக் குழியில் களிமண்ணை அமுக்கினால் அதே மாதிரி வந்துவிடும். அக்காவுக்குக் கொடுக்க எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

ஒரு மத்தியானம் பதக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அச்சு எடுத்தேன். சோப்புத் தண்ணீர் சரியாகத் தடவவில்லை. பதக்கம் சாந்தில் ஒட்டிக்கொண்டது. ஆணியால் நெம்பி எடுத்தேன். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளை போகவே இல்லை. பாவாடையில் துடைத்துக் காலுறைக்குள் வைத்துவிட்டேன். களிமண் பதக்கம் நன்றாக வந்தது. காயவைத்து, சூளைக்குப் போகிற கப்புகளில் ஒன்றுக்குள் ஒளித்து வைத்தேன். சித்தப்பாதான் அந்தக் கப்புகளைத் தூக்கிக்கொண்டு போய் நெருப்பில் அடுக்கினார். அவருக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது சிப்பாய் சின்னவனாகிவிட்டிருந்தான். களிமண் சுட்டால் சுருங்கும். ஆனால் துப்பாக்கி, பூட்ஸ், தொப்பி எல்லாம் அப்படியே இருந்தது. வெள்ளை வெளேரென்று.

அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“ஐயோ, என்ன வடிவா இருக்கு! நீயோ செய்தனி?”

“ஓம்.”

“இவருக்குக் கண் இல்லையே பிள்ளை. வைக்கட்டோ?”

தூரிகையைக் கறுப்பில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கடுகில் பாதி இருக்கும் அந்த முகம். தூரிகை அதைத் தொடப் போன நேரத்தில் நான் சொன்னேன்.

“சித்தப்பாவோட பதக்கம் அக்கா. உங்க ஊருல சண்ட போட்டு வாங்கினாரு.”

தூரிகை நின்றது. கை ஆடவில்லை. அப்படியே நின்றது.

“எங்கட ஊரிலயோ?”

“ஓம். உங்க ஊருக்கு மிலிட்டரி வந்துச்சுல்ல, அப்ப.”

அக்கா தூரிகையைத் தண்ணீரில் போட்டார். களிமண் பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றினார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு, மேஸ்திரியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதிர்ப்பட்ட சித்தப்பாவை நின்று பார்த்தார். அவர் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரிப் பார்த்தார்.

மறுநாள் வேலைக்கு வரவில்லை. கேம்ப்பில் ஆள் கணக்கு எடுக்கிற நாளில் வரமாட்டார்கள், அப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மறுநாளும் வரவில்லை. அன்று சாயங்காலம் சித்தப்பா பெட்டியைத் திறந்திருக்கிறார். பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். எழுத்து இடுக்கில் இருந்த வெள்ளைச் சாந்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“யாருக்குக் குடுத்த?”

“அக்காவுக்கு.”

“என்னா சொன்ன?”

சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கிணற்றடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். காலையில்தான் மழித்திருந்தார்.

அடித்தது அம்மா. விளக்குமாற்றால். அடித்துவிட்டு அழுதாள். பிறகு அப்பாவும் அம்மாவும் கூடிப் பேசி எனக்கு ஒரு புதுப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

“அவங்க வந்து கேட்டா, நான் சும்மா கத கட்டினேன்னு சொல்லணும். சித்தப்பா காஷ்மீருதான். தெரியுதா?”

“தெரியுது.”

“எங்க, சொல்லு.”

சொன்னேன். பத்துத் தடவை சொல்ல வைத்தார்கள். “பொண்ணு கைய விட்டுப் போயிடும்டா தம்பி. நீ ஒண்ணும் பேசாத. உனக்குத்தான் பேசவே வராதே, அப்படியே இரு” என்றார் அப்பா. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அதனால் ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் அவர் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவின் அம்மாவை நான் பெரியம்மா என்பேன். அவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அம்மா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். முறித்துக்கொள்ள வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்களா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பழம் என்று மட்டும்தான் தோன்றியது.

பாய் விரித்து உட்கார வைத்தார்கள். யாரும் கேட்கும் முன்பே அம்மா என் முதுகில் கிள்ளினாள். நான் எழுந்து நின்று ஒப்பித்தேன்.

“நான் சும்மா கத கட்டினேன் அக்கா. சித்தப்பா உங்க ஊருக்கு வரல. காஷ்மீருதான்.”

அக்கா முகம் வாடிப்போனது. எனக்குப் புரியவில்லை. சந்தோஷப்பட வேண்டியவர் ஏன் இப்படி ஆகிறார்?

சுவரோரம் நின்றிருந்த சித்தப்பா சொன்னார். “புள்ள பொய் சொல்லல. நாங்கதான் பொய் சொல்லச் சொன்னோம். அங்க இருந்தேன்.”

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெரியம்மா சித்தப்பா பக்கம் திரும்பினார். காது கேட்காது என்று அவரும் கேள்விப்பட்டிருப்பார் போல. உரக்கக் கூப்பிட்டார். “தம்பி!”

“காது நல்லா கேக்குதும்மா. மெதுவா சொல்லுங்க.”

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பெரியம்மா சொன்னார். அவர்கள் வீட்டைச் சுற்றி ஒரு நாள் சண்டை. இரண்டு பக்கமும் சுடுகிறார்கள். இவர்கள் இருவரும் உள்ளே தரையில் கிடக்கிறார்கள். சுவரில் குண்டு பாய்ந்து மண் கொட்டுகிறது. பெரியம்மா கத்துகிறார். “சுடாதேங்கோ, நாங்கள் சனம், சுடாதேங்கோ எண்டு தொண்டை கிழியக் கத்தினனான். வெளியில ஆரோ ஒரு பொடியன், உங்கட படைக்காரன், தமிழில கதைச்சவன். அம்மா, படுத்துக்குங்க, எழுந்திரிக்காதீங்க எண்டு. பிறகு தங்கட பாசையில ஏதோ கத்தினான். சூடு நிண்டு போச்சு. நாங்கள் பின்பக்கத்தால ஓடித் தப்பினனாங்கள். அவன்ர முகம் தெரியேல்லை. குரல் மட்டும்தான்.”

அக்கா அதற்கு மேல் பொறுக்கவில்லை. “ரெண்டு நாளா நாங்கள் நித்திரை கொள்ளேல்லை. அது நீங்களோ எண்டு கேக்கத்தான் வந்தனாங்கள்” என்றார். கைக்குட்டையைப் பிரித்து என் களிமண் சிப்பாயைப் பாயில் வைத்தார். “நீங்கள்தானே? சொல்லுங்கோவன்.”

அவர்கள் கோபப்பட்டு வரவில்லை. அது எனக்குக்கூடத் தெரிந்தது. அக்கா முகம் அப்படி இருந்தது. அப்பா சித்தப்பாவைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஆமா என்று சொல்லுடா என்கிற மாதிரி. ஒரு வார்த்தை. அவர் பேசுகிற பத்து வார்த்தையில் ஒன்று. அதைச் சொன்னால் கல்யாணம்.

சித்தப்பா கையை விறைப்பாகப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டார்.

“அது நான் இல்லம்மா.”

அவரே மேலே பேசினார். அவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

“எனக்கும் ஒரு குரல் கேட்டுது. வேற ஊரு. வெடியக்காலம். எங்க ஆளு ரெண்டு பேரு சந்துக்குள்ள அடிபட்டுக் கெடந்தாங்க. அந்தாண்ட ஒரு வூடு. அந்தப் பக்கமிருந்து குண்டு வந்துச்சு. வூட்டுக்குள்ளேருந்து ஒரு அம்மா கத்துனாங்க. சுடாதீங்கோ, பிள்ளையள் இருக்குன்னு. என்கூட இருந்தவங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். என்னா சொல்றாங்கன்னு என்னைக் கேட்டாங்க.”

நிறுத்தினார். பாயில் இருந்த களிமண் சிப்பாயைப் பார்த்தார்.

“சரியா கேக்கலன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் தம்பி?” என்றார் பெரியம்மா.

“சொன்னா சுடறத நிறுத்திடுவாங்க. நிறுத்துனா அந்த ரெண்டு பேரும் செத்துடுவானுங்க. கூட ஒண்ணா சாப்புட்ட பசங்க. இவங்க சுட்டுக்கிட்டே இருந்தாங்க, நான் ஊர்ந்து போயி ரெண்டு பேரையும் இழுத்தாந்துட்டேன். அதுக்குத்தான் பதக்கம்.”

“அந்த வீட்டில பிறகு?”

“சத்தம் வரல.”

“போய்ப் பாக்கேல்லையோ?”

“பாக்கல.”

வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று தெரியாது. பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன்.

பெரியம்மா ஊர்ப் பெயரைக் கேட்டார். சித்தப்பா சொன்னார். எனக்கு அது வாயில் நுழையவில்லை. பெரியம்மா கண்ணை மூடித் திறந்தார். “எந்த ஒழுங்கை?” என்றார். அவர்கள் சந்துக்கு அப்படிச் சொல்வார்கள்.

“தபாலாபீசுக்குப் பின்னால. நீலக் கதவு போட்ட வூடு.”

பெரியம்மாவும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஊரும் அவர்களுக்குத் தெரிந்த ஊர் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. அக்காவின் மாமா ஒருவர் அங்கே இருந்தாராம். பெரியம்மா எழுந்தார். அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். அக்கா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு போய்விட்டார்.

அவர்கள் தெரு முனையைத் தாண்டவில்லை, அப்பா கத்த ஆரம்பித்துவிட்டார்.

“ஆமான்னு ஒரு வார்த்த! ஒரு வார்த்தடா! யாருக்குடா தெரியப் போவுது? அந்தப் பொம்பளையே வந்து கைல குடுக்கறா, வாங்கத் தெரியல உனக்கு!”

சித்தப்பா பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார். அப்பாவுக்குக் கோபம் என் மேல் திரும்பியது. எல்லாம் இந்தச் சனியன் அச்சு எடுத்ததால் வந்தது என்றார். அம்மாவும் அதையே சொன்னாள். பல வருடம் சொன்னார்கள். சித்தப்பா மட்டும் சொன்னதில்லை.

அவர் அதன் பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சூளை வேலையை விட்டுவிட்டார். சுதந்திர தினத்துக்கு ஸ்கூலிலிருந்து வந்து கூப்பிடுவார்கள், கொடியேற்றச் சொல்லி. உடம்பு சரியில்லை என்பார். என் பையன் கேட்கிறான், தாத்தா மிலிட்டரியில் என்ன செய்தார் என்று. அவரையே கேளு என்கிறேன். அவன் கேட்டிருக்கிறான். என்ன சொன்னார் என்று அவன் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். அதே இடத்தில் உட்கார்ந்தார். சித்தப்பா பலகையைக் கொண்டுவந்து வைத்தார், எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் பேசவில்லை. சம்பளத்தில் பிடிக்கிற விளையாட்டும் இல்லை. என்னை மட்டும் பிள்ளை என்று கூப்பிட்டார். குறித்த நாள் வந்தது, போனது. அம்மா அன்று பழைய சோறு போட்டாள்.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் நான் ஸ்கூல் விட்டுப் போனபோது சூளைக்குப் பின்னால் உடைசல் கொட்டுகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. உடைந்த கப்புகளின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன். அக்கா கையில் ஒரு நீலக் கடிதம். பெரியம்மா அந்த ஊரில் இருந்த உறவுக்காரருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வந்திருக்கிறது. தபாலாபீசுக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பற்றிய பதில். இதெல்லாம் நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது ஒரு கடிதம்.

அக்காதான் பேசினார். சித்தப்பா கேட்டுக்கொண்டு நின்றார். அக்கா ஒரு பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது. கட்டை விரலை மடக்கினார். சித்தப்பா தலையை அசைத்தார். இன்னொரு பெயர். இன்னொரு விரல். மூன்றாவது விரலுக்கு அக்கா தன் கையை இடுப்பளவு இறக்கிக் காட்டினார், இவ்வளவு உயரம் என்பது போல. சித்தப்பா அதற்கும் தலையை அசைத்தார். அக்கா ஒரு கையின் ஐந்து விரலையும் மடக்கி முடித்தார். மடக்கிய கையைத் திறக்காமல் அப்படியே நின்றார்.

இரண்டு பேரும் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அக்கா நாள் எண்ணிச் சொல்கிறார், சித்தப்பா சரி சரி என்கிறார். பூ வைக்க இன்னும் ஐந்தே நாள்தான் என்று அம்மாவிடம் சொல்ல ஓடினேன்.